மஞ்சி நனைந்தால் குடல் போச்சு: பிராய்லர் பண்ணையாளர்களே, உஷார்!

ஐப்பசி மழை பிடிக்கப் போகிறது. பல்லடம், பொங்கலூர், சுல்தான்பேட்டை, உடுமலைப் பக்கம் ஷெட்டில் குஞ்சு இறக்கியிருப்பவர்களும் இறக்கப் போகிறவர்களும் இதைப் படித்த கையோடு ஒரு தடவை ஷெட்டுக்குள் போய் வாருங்கள். கோழியைப் பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பாருங்கள். எச்சம் கெட்டியாக, நுனியில் வெள்ளை பூத்து விழுந்திருக்கிறதா? தரையில் பரப்பியிருக்கும் மஞ்சியை அள்ளிப் பிடித்துக் கையை விரித்தால் உதிர்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலே உஷாராகிவிடுங்கள். கோழி துள்ளிக்கொண்டு திரியலாம், தீவனத்தை வாரி வாரித் தின்னலாம். உள்ளே குடல் கெட ஆரம்பித்திருக்கும்.

"மழைன்னா நாலு கோழி சாகத்தானுங்க செய்யும்" என்று பண்ணைக்குப் பண்ணை ஒரு சமாதானம் உண்டு. அந்த நாலு கோழிக்காக இதை எழுதவில்லை. சாகாமல் நிற்கிற மிச்சத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. குடல் நோய் முற்றி வெளியே தெரியும்போது சாவு விழும், எல்லோரும் ஓடிவருவார்கள். பெரும்பாலும் அது வெளியே தெரிவதில்லை. கோழி தின்னும், தின்றது உடம்பில் ஒட்டாது. தூக்குகிற நாளில் தராசுதான் சொல்லும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5,000 கோழி, தலைக்கு 2 கிலோ என்றால் மொத்தம் 10,000 கிலோ. எஃப்.சி.ஆர்., அதாவது ஒரு கிலோ எடைக்குப் போகிற தீவனக் கணக்கு, வெறும் 0.1 கூடினால் அதே எடைக்கு ஒரு டன் தீவனம் கூடுதலாகப் போயிருக்கிறது என்று அர்த்தம். 50 கிலோ மூட்டையில் இருபது மூட்டை. ஒப்பந்தப் பண்ணையில் எஃப்.சி.ஆர். கூடினால் வளர்ப்புக் கூலியில் கைவைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. மார்ட்டாலிட்டி ஏட்டில் ஒன்றும் இருக்காது, பணம் மட்டும் போயிருக்கும். இந்த ஒரு நோயால் உலகக் கோழித் தொழிலுக்கு வருஷத்துக்கு 600 கோடி டாலர் நஷ்டம் என்று 2015-ல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் பெரும்பங்கு இப்படிச் சத்தமில்லாமல் போனதுதான்.

எதிரி யார்? கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்கிற பாக்டீரியா. எங்கிருந்தோ பறந்து வருவதல்ல. மண்ணில் இருக்கிறது, மஞ்சியில் இருக்கிறது, தீவனத்தில் இருக்கிறது, நல்ல ஆரோக்கியமான கோழியின் குடலிலும் கொஞ்சம் இருக்கிறது. அங்கே மற்ற பாக்டீரியாக்களின் நெருக்கடியில் தலை தூக்க முடியாமல் கிடக்கிறது. அதற்கு ஒரு பலவீனமும் உண்டு. தனக்கு வேண்டிய அமினோ அமிலங்களில் பாதிக்கு மேல் அதனால் சொந்தமாகத் தயாரித்துக்கொள்ள முடியாது. புரதம் எங்கே தயாராகக் கொட்டிக் கிடக்கிறதோ அங்கேதான் அது பெருகும்.

அந்தப் புரதத்தைக் குடலுக்குள் கொட்டிக் கொடுப்பது ஐமீரியா. ரத்தக் கழிச்சலை உண்டாக்குகிற அதே நுண்ணுயிரிதான். ரத்தக் கழிச்சல் என்றதும் எச்சத்தில் ரத்தத்தைத் தேடுவது நம் வழக்கம். ஐமீரியாவில் கோழிக்கு வருகிற இனங்கள் ஏழு. ரத்தமாகக் கொட்டவைப்பது முக்கியமாக டெனெல்லா. அதைவிட மோசமான வேலையை மேக்சிமா என்கிற இனம் ரத்தம் காட்டாமல் செய்துவிடுகிறது. சிறுகுடலின் நடுப்பகுதியில் புகுந்து உள்சுவரின் செல்களை உடைக்கிறது. உடைந்த இடத்தில் பிளாஸ்மா கசிகிறது. கிளாஸ்ட்ரிடியம் காத்திருந்தது இதற்குத்தான். கோழியின் உடம்புச் சூடு 41, 42 டிகிரி. அந்தச் சூட்டில், சாப்பாடு தாராளமாகக் கிடைத்தால், இந்த பாக்டீரியா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். ஒன்று ஒரு மணி நேரத்தில் 64. இரண்டு மணி நேரத்தில் நாலாயிரத்தைத் தாண்டும். காலையில் பார்த்த குடல் மாலையில் அதே குடலாக இருக்காது.

மூன்றாவது, நாலாவது வாரத்தில்தான் ஏன் அடிக்கிறது என்று கேட்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. எச்சத்தோடு விழும் ஐமீரியா முட்டை உடனே நோய் தராது. ஈரம், வெதுவெதுப்பு, காற்று மூன்றும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முற்றும். அதை இன்னொரு கோழி கொத்தினால் ஐந்தாறு நாளில் ஆயிரக்கணக்கில் பெருகி வெளியே வரும். மறுபடி ஈரம், மறுபடி கொத்தல். இப்படி இரண்டு மூன்று சுற்று ஓடினால் இருபதாவது நாள் தாண்டிவிடும். பத்தாவது நாளில் வடக்குப் பக்கச் சாரல் அடித்து ஷெட்டின் ஓரம் நனைந்ததே, "காஞ்சுக்கும்" என்று விட்டீர்களே, அதற்கான வட்டி இருபத்தைந்தாவது நாளில் வருகிறது. இடையில் பதினாலாம் நாள் வாக்கில் கம்போரோ என்கிற வைரஸ் நோய் வந்துவிட்டுப் போனாலோ, பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தின் அஃப்ளாடாக்சின் உள்ளே போயிருந்தாலோ, எதிர்ப்புச் சக்தி ஏற்கெனவே சரிந்திருக்கும். இது அதன் மேல் ஏறி உட்காரும்.

இங்கிலாந்தில் 1961-ல் பேரிஷ் என்பவர் இந்த நோயை முதலில் விவரித்தார். நெக்ரோடிக் என்டரைட்டிஸ் என்று பெயர். நம்ம ஊர் டாக்டர்கள் சுருக்கமாக என்.இ. என்பார்கள். அரை நூற்றாண்டு ஆராய்ந்தும் குடலை அழுகவைக்கிற விஷம் எது என்பதில் தப்பான ஆளைத்தான் பிடித்து வைத்திருந்தார்கள். 2008-ல்தான் ஆஸ்திரேலியாவில் நெட்-பி என்கிற நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். குடல் செல்லின் சவ்வில் ஓட்டை போட்டுக் கொல்கிற நஞ்சு. கிளாஸ்ட்ரிடியம் எல்லாமே கெட்டதல்ல, இந்த நஞ்சைச் சுரக்கும் ரகம் பெருகினால்தான் ஆபத்து என்பது அப்போதுதான் தெளிவானது.

எச்சத்தைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை. நல்ல எச்சம் உருண்டையாக, தவிட்டு நிறத்தில், மேலே வெள்ளைத் தொப்பியோடு இருக்கும். அதற்கு நடுவே அங்கங்கே சாக்லேட் நிறத்தில் பசை போல ஒன்று பரவிக் கிடக்கும். அதைப் பார்த்துக் கழிச்சல் என்று பதறாதீர்கள். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, எல்லாக் கோழியும் போடுவது. அந்தப் பசை நுரைத்து, வெளுத்து மஞ்சளாகித் தண்ணீர்ப் பதத்துக்கு வந்தால் அப்போது சந்தேகப்படுங்கள். சாதாரண எச்சத்தைச் சுற்றி ஈரவட்டம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விரலால் நசுக்கினால் மக்காச்சோளக் குருணையும் சோயாத் துணுக்கும் தின்றபடியே தெரிகிறதா? சூப்பர்வைசர்கள் 'ஃபீட் பாசேஜ்' என்பது இதைத்தான். இன்னொரு அடையாளம் ஆரஞ்சு நிறத்தில் சளி, சில சமயம் சதைத் துணுக்கு போலவே இருக்கும். அது தீவனமல்ல, உரிந்து வந்த குடல் தோல். ஒரு ஷெட்டில் நாலைந்து இடத்தில் இது கண்ணில் பட்டால் அன்றைக்கே டாக்டருக்குப் போன் போய்விட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்கப் போனால் அந்த ஓர் இரவில் பாக்டீரியா என்ன செய்யும் என்பதற்கு மேலே கணக்கு இருக்கிறது.

பச்சையும் வெள்ளையுமாகப் போனால் அது வேறு கதை. வெள்ளைக் கழிச்சலாக, அதாவது ராணிக்கெட்டாக இருக்கலாம். எச்சத்தின் நிறத்தை மட்டும் வைத்து இரண்டையும் குழப்பிக்கொண்டு, கெட்ட குடலோடு நிற்கிற கோழிக்கு அவசர அவசரமாக லசோட்டா தடுப்பு மருந்து கொடுத்து இன்னும் சோர்வடையச் செய்பவர்கள் உண்டு. அதனால்தான் அறுத்துப் பார்க்க வேண்டும் என்பது.

அறுத்துப் பார்ப்பதில் ஒரு எச்சரிக்கை. இரவு செத்து, காலை ஒன்பது மணி வரை மஞ்சியில் கிடந்த கோழியை அறுத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். நம்ம ஊர்ச் சூட்டில் செத்த கோழியின் குடல் சில மணி நேரத்தில் தானாகவே பச்சையாகி இற்றுப்போகும். நோய் இல்லாத குடலும் நோய்க் குடல் மாதிரி காட்டும். இறக்கையைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடி, மூலையில் ஒதுங்கி நிற்கிறதே, அந்த உயிர்க் கோழியை டாக்டர் அறுத்துப் பார்ப்பதுதான் சரி. அவர் பார்க்கும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். இரைப்பையை ஒட்டிய வளைவில் குறுக்குக் குறுக்காக வெள்ளைக் கோடுகள் இருந்தால் அசெர்வுலினா என்கிற ஐமீரியா. குருட்டுக்குடல் இரண்டும் ரத்தம் கட்டிப் புடைத்திருந்தால் டெனெல்லா. சிறுகுடலின் நடுவில், குஞ்சாக இருந்தபோது மஞ்சள் கரு ஒட்டியிருந்த சின்ன முளை ஒன்று தெரியும். அதைச் சுற்றித்தான் மேக்சிமாவின் குடியிருப்பு. வெளிச்சுவரில் ஊசிமுனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகளும் உள்ளே ஆரஞ்சுச் சளியும் இருக்கும். என்.இ. வந்த குடலைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றடைத்து உப்பியிருக்கும், சுவர் மெலிந்து தொட்டாலே கிழியும், வெட்டியதும் மூக்கைப் பொத்திக்கொள்கிற நாற்றம் வரும். உள்பக்கம் மஞ்சளும் பழுப்புமாய், தேங்காய்ப்பூத் துண்டு போல முடிச்சு முடிச்சாகத் தடித்திருக்கும். அதுதான் செத்துப்போன குடல் தோல். கத்தியின் முதுகால் வழித்தால் பாளம் பாளமாக வரும்.

இந்த நிலைக்கு வந்த கோழி தேறாது. தேறினாலும் வளராது. அவற்றை விட்டுவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றுவதைப் பாருங்கள்.

இனி, இந்தக் கட்டுரைக்கே காரணமான விஷயம். எச்சம் தண்ணியானதும் நம்மவர்கள் போவது ஷெட்டுக்கு அல்ல, மருந்துக் கடைக்கு.

"அண்ணா, கோழி தண்ணியாப் போகுதுங்க."

"எத்தனாவது நாளுங்க?"

"இருபத்திரண்டுங்க."

"இந்தாங்க, இதைத் தண்ணியில விடுங்க. நாளைக்குக் கெட்டியாயிரும்."

அறுத்துப் பார்க்கவில்லை, எச்சத்தைப் பரிசோதிக்கவில்லை, தீவனத்தில் ஏற்கெனவே என்ன மருந்து கலந்திருக்கிறது என்ற கேள்வியே எழவில்லை. இரண்டு நிமிஷத்தில் வைத்தியம் முடிந்துவிட்டது. இதில் எத்தனை பொறி இருக்கிறது என்று பாருங்கள்.

குடல் என்றதும் கடைக்காரர் கை முதலில் போகும் பாட்டில்களில் என்ரோஃப்ளாக்சசின் ஒன்று. கிளாஸ்ட்ரிடியம் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் ஜாதி. அதன் மேல் என்ரோவுக்குப் பெரிய பிடி கிடையாது. நோய்க்குப் போகாத மருந்து, மற்ற பாக்டீரியாக்களுக்குத் தன்னை எதிர்க்கப் பாடம் நடத்திவிட்டுப் போகும். கேம்பைலோபாக்டர் என்கிற கிருமி இப்படிப் பழகி மனிதர்களுக்குச் சிகிச்சை பலிக்காமல் போகிறது என்பதால் அமெரிக்கா 2005-லேயே கோழிக்கு என்ரோவைத் தடை செய்துவிட்டது. இன்னொன்று கொலிஸ்டின். அது கிராம்-நெகட்டிவ் ரகத்தை மட்டும் கொல்லும், கிளாஸ்ட்ரிடியம் கிராம்-பாசிட்டிவ். அதாவது இந்த நோய்க்குக் கொலிஸ்டின் கொடுப்பதும் பச்சைத் தண்ணீர் கொடுப்பதும் ஒன்று. அதைவிட முக்கியம், அதைக் கோழிக்கென்று விற்பதே சட்டப்படி குற்றம். உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கும் கோழிக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் கொலிஸ்டினைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்று மத்திய அரசு 2019 ஜூலையிலேயே தடை போட்டாகிவிட்டது. காரணம் சாதாரணமானதல்ல. வேறு எதற்கும் அடங்காத கிருமி பிடித்து ஐ.சி.யூ.வில் கிடக்கிற மனிதனுக்குக் கடைசியாகக் கொடுக்கிற மருந்து அது. அதையும் தோற்கடிக்கிற எம்.சி.ஆர்-1 என்கிற மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்று 2015-ல் சீனாவில் கண்டுபிடித்தார்கள். பன்றிகளிலும் கடையில் விற்கிற இறைச்சியிலும் அது இருந்தது. பழைய சரக்கு என்று யாராவது கையில் திணித்தால் வாங்காதீர்கள். லேபிளைப் படியுங்கள்.

ரத்தக் கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் வாங்குகிறவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் பொறி வேறு மாதிரி. அந்த மருந்து வேலை செய்வதே ஐமீரியாவுக்குப் பி1 வைட்டமின் கிடைக்காமல் தடுப்பதால்தான். நாம் என்ன செய்கிறோம்? "கோழி வாடிப்போச்சே, ஒரு சத்து மருந்தும் விடுவோம்" என்று அதே தண்ணீரில் பி-காம்ப்ளெக்ஸையும் ஊற்றுகிறோம். காசு கொடுத்து வாங்கிய மருந்தை, காசு கொடுத்து வாங்கிய சத்து மருந்தால் முறித்துவிட்டு, "மருந்து டூப்ளிகேட்டுங்க" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். மருந்து கொடுக்கும் நாட்களில் பி வைட்டமினை நிறுத்துங்கள், கோர்ஸ் முடிந்தபிறகு கொடுங்கள்.

மூன்றாவது பொறி ஷெட்டையே காலி செய்யக்கூடியது. பிராய்லர் தீவனத்தில் ஐமீரியாவைக் கட்டுப்படுத்த சாலினோமைசின், மோனென்சின், மதுராமைசின் போன்றவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் கலந்தே வருகிறது. ஒப்பந்தப் பண்ணையாளருக்கு அது தெரிவதே இல்லை. மழைக்காலத்தில் கழிச்சலோடு சளியும் சேர்ந்து பிடிக்கும். 'சி.ஆர்.டி.'க்கு என்று கடையில் டியாமுலின் கொடுப்பார்கள். சாலினோமைசினோ மோனென்சினோ உள்ள தீவனத்தைத் தின்கிற கோழிக்கு டியாமுலின் போனால், அது அந்தத் தீவன மருந்தை உடம்பிலிருந்து வெளியேற விடாது. கோழி தீவனத்தை விட்டு ஒதுங்கும், கால் வராது, தள்ளாடி விழும், சாகும். புது நோய் வந்துவிட்டது என்று இன்னொரு பாட்டிலைத் தேடி ஓடுவோம். டியாமுலின் கொடுப்பதென்றால் முன்னும் பின்னும் ஏழு நாளாவது அந்த மருந்து இல்லாத தீவனம் போக வேண்டும். உங்கள் தீவனத்தில் எந்த மருந்து என்று கம்பெனி சூப்பர்வைசரிடம் கேட்டு, பேட்ச் ஆரம்பிக்கும்போதே ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். சொல்ல மறுத்தால் விடாதீர்கள், கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. (போகிற போக்கில் இன்னொன்று: பேட்ச் முடிந்து மிஞ்சிய பிராய்லர் தீவனத்தைக் குதிரைக்கு வைத்துவிடாதீர்கள். இந்த மருந்துகள் குதிரைக்கு உயிர்க்கொல்லி.)

என்.இ.க்கு மருந்தே இல்லையா என்றால், இருக்கிறது. கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாவுக்குப் போகிற ஆன்டிபயாடிக்குகள் சில நல்ல பலன் தரும். எது, எத்தனை நாள், தூக்குவதற்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும் என்பதை அறுத்துப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். முப்பதாவது நாளில் மருந்தைக் கொடுத்துவிட்டு முப்பத்திரண்டாவது நாளில் வண்டியில் ஏற்றினால் அந்த மருந்தும் வாடிக்கையாளர் தட்டுக்குப் போகும். 2014-ல் டெல்லியைச் சேர்ந்த சி.எஸ்.இ. அமைப்பு தலைநகர் வட்டாரத்தில் 70 கோழி மாதிரிகளைச் சோதித்ததில் 40 சதவீதத்தில் ஆன்டிபயாடிக் மிச்சம் இருந்தது நினைவிருக்கலாம். அன்றைக்கு எழுந்த கூச்சல் தொழிலை எப்படி உலுக்கியது என்பதும் நினைவிருக்கலாம்.

மருந்தை ஊற்றினால் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகும் என்பதை நாம் கணக்கிலேயே எடுப்பதில்லை. குருட்டுக்குடலில் ஒரு கிராம் சரக்கில் ஆயிரம் கோடிக்கும் மேல் பாக்டீரியா. நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்கிற அமிலத்தைத் தயாரிக்கிறவை அவற்றில் உண்டு. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் சாப்பாடு. கெட்ட கிருமிக்கு இடமும் இரையும் கிடைக்காமல் அடைத்துக்கொள்வதும் இந்தக் கூட்டம்தான். நாட்டுக்கோழிக் குஞ்சு பொரிந்த நாளிலிருந்து தாயோடு சேர்ந்து கிளறி, தாயின் எச்சத்தைக் கொத்தி, இந்தக் கூட்டத்தை உள்ளே வாங்கிக்கொள்கிறது. பிராய்லர் குஞ்சு தாயைப் பார்த்ததே இல்லை. இன்குபேட்டரில் பொரிந்து, ட்ரேயில் வந்து, உங்கள் ஷெட்டில் இறங்கும்போது அதன் குடல் கிட்டத்தட்ட காலி வீடு. முதலில் யார் நுழைகிறார்களோ அவர்களுக்குப் பட்டா.

பின்லாந்தில் 1971-ல் பிராய்லர் கோழிகள் வழியாக சால்மொனெல்லா பரவி ஜனங்கள் படுத்தபோது நூர்மி, ரன்டாலா என்ற இருவர் இதைத்தான் யோசித்தார்கள். ஆரோக்கியமான வளர்ந்த கோழியின் குடல் சரக்கை ஒரு நாள் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குஞ்சுகளில் சால்மொனெல்லா எளிதில் ஒட்டவில்லை. 1973-ல் இது வெளியானது. இன்றைக்குப் புரோபயாடிக் என்று விற்கிற பாக்கெட்டுகளுக்குப் பின்னால் இருக்கிற யோசனை இது. இதைப் படித்துவிட்டு வீட்டு நாட்டுக்கோழி எச்சத்தைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். நல்லதோடு மாரெக்ஸ், சால்மொனெல்லா, ஐமீரியா எல்லாம் சேர்ந்து இறங்கும். புரோபயாடிக் கொடுப்பதானால் முதல் வாரத்தில், வீடு காலியாக இருக்கும்போதே கொடுங்கள். இருபத்திரண்டாவது நாளில் கழிச்சல் பிடித்த பிறகு கொடுத்துவிட்டு அதிசயம் நடக்கும் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. மோர், வெல்லத் தண்ணீர் வகையறாவை நிப்பிள் பைப்பில் விடுகிற பழக்கமும் வேண்டாம். பைப்புக்குள் வழுவழுவென்று பாசிப் படலம் கட்டி, அங்கேயே கிருமி பெருகும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் தனித் தட்டில் வையுங்கள்.

மருந்தை நம்பாமல் கோழி வளர்க்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஐரோப்பாவைக் காட்டலாம். வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஸ்வீடன் 1986-லேயே நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க 2006 ஜனவரி முதல் தேதியிலிருந்து தடை. நிறுத்தியதும் சில நாடுகளில் என்.இ. தலைதூக்கியது உண்மை. அப்புறம் அடக்கினார்கள். ஐமீரியாவுக்கான தீவன மருந்துகளைத் தக்கவைத்துக்கொண்டார்கள், தரையைக் காயவைத்தார்கள். இரண்டாவது நம் கையிலும் இருக்கிறது.

நாலு வாரக் கோழி 5,000 இருந்தால் ஒரு நாளில் ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். அதில் பெரும்பகுதி மஞ்சியில்தான் வந்து விழுகிறது. இதற்கு மேல் கூரை ஒழுகல், சாரல், நிப்பிள் சொட்டல் எதையும் மஞ்சி தாங்காது. மழைக்கு முன் ஓட்டைப் பாருங்கள். வடக்குப் பக்கம் படுதாவைச் சாரல் படாத அளவுக்கு இறக்கி, மேலே ஒரு முழமாவது காற்றுப் போக விடுங்கள். குளிருமே என்று முழுக்க இறக்கிக் கட்டினால் அமோனியா உள்ளேயே நிற்கும். காலையில் நுழையும்போது உங்கள் கண் எரிந்தால், தரையோடு தரையாக நிற்கிற கோழிக்கு இரவு முழுக்க எரிந்திருக்கிறது. நிப்பிளுக்கு அடியில் மஞ்சி கட்டி தட்டியிருந்தால் கிளறி உள்ளேயே கலக்காதீர்கள், அள்ளி வெளியே போட்டுவிட்டுக் காய்ந்த மஞ்சியைப் போடுங்கள். சுண்ணாம்பைக் கொட்டுவது சுலபமான வைத்தியம் போலத் தோன்றும். ஈர மஞ்சியில் சுண்ணாம்பு விழுந்தால் அமோனியா இன்னும் கிளம்பும். கோழி உள்ளே இருக்கையில் அது வேண்டாம்.

தீவனம் தீர்ந்து லாரி வராமல் அரை நாள் ஃபீடர் காலியாகக் கிடப்பதும் குடலுக்கு அடிதான். பசித்த கோழி மஞ்சியைக் கொத்தும், ஐமீரியா முட்டையை அள்ளி விழுங்கும். லாரி வந்ததும் வெறியோடு தின்று குடலைத் திணறடிக்கும். மழையில் வண்டி தாமதமாகும் என்று தெரிந்தால் ஒரு நாள் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மூட்டையைச் சுவரை ஒட்டி வெறும் தரையில் அடுக்காதீர்கள். செத்த கோழியைக் காலையும் மாலையும் எடுத்துவிடுங்கள். மற்ற கோழிகள் அதைக் கொத்தினால் கிளாஸ்ட்ரிடியம் நேரடியாக உள்ளே போகும். எடுத்ததை வாய்க்காலில் வீசுவது, நாய்க்குப் போடுவது எல்லாம் பக்கத்துப் பண்ணைக்குச் செய்கிற துரோகம். குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.

பேட்ச் இடைவெளியில் ஃபார்மலின் அடித்தோம், ஐமீரியா செத்துவிட்டது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அதன் முட்டை ஓடு வழக்கமான கிருமிநாசினி எதற்கும் அசைவதில்லை. அதற்குச் சூடுதான் வைத்தியம். தரையையும் சுவரின் அடிப்பாகத்தையும் ஃபிளேம் கன்னால் நிதானமாகச் சுடுங்கள், பிறகு காயவிடுங்கள். குஞ்சு இறக்கச் சொல்லி கம்பெனியிலிருந்து எவ்வளவு நெருக்கினாலும் ஈரத் தரையில் புது மஞ்சி போடாதீர்கள்.

பண்ணை இல்லாத, கோழி சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோழியின் குடலை அழுகவைக்கிற நெட்-பி ரகமும் மனிதனுக்கு வயிற்றைக் கலக்குகிற ரகமும் ஒரே பாக்டீரியாவின் வேறு வேறு கிளைகள். வெந்த கறியால் கோழியின் நோய் உங்களுக்கு வராது. ஆனால் மனிதனைப் பிடிக்கிற கிளைக்கு மிகவும் பிடித்த இடம் கல்யாண வீட்டு பிரியாணி அண்டா. அதன் விதை கொதியிலும் சாகாது. தம் உடைத்து நாலு மணி நேரம் வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகிவிடும். அடுத்த நாள் காலைக்குள் ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும். கையைச் சுடுகிற சூட்டில் பரிமாறுங்கள், மிஞ்சியதைச் சின்னச் சின்னப் பாத்திரத்தில் பிரித்து உடனே குளிர வையுங்கள். பச்சைக் கறியைக் குழாய்க்கு அடியில் பிடித்துக் கழுவினால் கிருமி சிதறிப் பக்கத்திலிருக்கும் காய்கறி மேல் விழும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மறுபடி பண்ணைக்காரர்களுக்கு. சந்தேகம் வந்தால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, இப்போது உடுமலையிலும் ஒரு கல்லூரி வந்துவிட்டது. போகும்போது செத்து விறைத்த கோழியைச் சாக்கில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். சோர்ந்து நிற்கிற உயிர்க் கோழி மூன்று நாலு எடுத்துக்கொள்ளுங்கள். தின்கிற மூட்டையிலிருந்து ஒரு கிலோ தீவனம், நிப்பிள் லைனின் கடைசி முனையிலிருந்து சுத்தமான பாட்டிலில் தண்ணீர், தடுப்பூசி போட்ட தேதிகள், இந்த பேட்ச்சில் இதுவரை ஊற்றிய மருந்து பாட்டில்கள் அத்தனையும் கூட வரட்டும். காலி பாட்டிலையும் விடாதீர்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.